சிலுவையும் சிறு தோளும்

கிறிஸ்துமஸ் பெருநாள்! ஆண்டு 1857. இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்று. ஊரெங்கும் விருந்து, உவகை, மணியோசை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் அன்று வெறும் நாள். வீட்டுத் தலைவரின் கட்டளை அது. ஏசு பிறந்த நாளைக் கொண்டாடுவது வேதத்தில் இல்லாத வழக்கம். ரோமாபுரி மார்க்கத்தார் புகுத்திய சடங்கு. ஆகவே விக்கிரக வணக்கத்துக்குச் சமம் — என்பது அவர் முடிவு. விழாக்கள் வேண்டா என்று நாம் சொன்னால் பதறித் துடிக்கிறார்களே, அவர்கள் அறிந்துகொள்ளட்டும்: பக்தியின் கொடுமுடியில் நின்ற ஒருவரும் விழா வேண்டா என்றுதான் சொன்னார்!

சமையற்கட்டில் இருந்த பணிப்பெண்களுக்கு மனம் கேட்கவில்லை. தங்களுக்கென்று, யாரும் அறியாமல், உலர்ந்த திராட்சை இட்டு வேகவைக்கும் 'பிளம் புட்டிங்' எனும் இனிப்பைச் சிறிதாகச் செய்துகொண்டனர். அந்த வீட்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தாயை இழந்து ஓராண்டுகூட நிறையாதவன். அவனை அழைத்து ஒரு துண்டு கொடுத்தனர். தின்றான். தித்தித்தது! சிறிது நேரத்தில் வயிறு வலித்தது. வயிற்றைவிட மனம் அதிகமாக வலித்தது. தந்தையிடம் ஓடினான், விக்கிரகத்துக்குப் படைத்த பண்டத்தைத் தின்றுவிட்டதாகக் கூறிக் கதறினான். விவரம் கேட்டறிந்த தந்தை, சிறுவனின் கையைப் பற்றியபடியே சமையற்கட்டுக்கு ஓடினார். திகைத்து நின்ற பெண்களுக்கு நடுவே எஞ்சியிருந்ததைத் தட்டோடு தூக்கினார். கொல்லைக் குப்பைமேட்டுக்கு விரைந்து சாம்பலில் அதனை வீசினார். வெளியே தெரியாதபடி ஆழக் கிளறிப் புதைத்தார்.

யார் இந்தத் தந்தை? கல்லாதவரா? காட்டுமிராண்டியா? இல்லை. ஃபிலிப் ஹென்றி காஸ் — கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த அறிஞர். கண்ணாடித் தொட்டிக்குள் கடலின் உயிர்களை வாழவைத்துப் பார்க்கும் வழியை இங்கிலாந்து மக்களுக்குப் பழக்கியவர். ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அந்தச் சிறுவன்? எட்மண்ட் காஸ் — பிற்காலத்தில் ஆங்கில இலக்கியத் திறனாய்வாளராகப் புகழ்பெற்றவர். 1907-இல் 'தந்தையும் மகனும்' எனும் தம் நூலை முதலில் பெயர் போடாமலே வெளியிட்டார். தந்தையை அவர் அதில் ஏசவில்லை. அன்புள்ளவர், நேர்மையானவர், மகனோடு கடற்பாறைகளில் தவழ்ந்து உயிர்களைத் தேடித் திரிந்தவர் என்றே காட்டுகிறார். கொடியவன் ஒருவனின் கதையாயிருந்தால் இங்கே அதற்கு இடமில்லை. நல்லவர் ஒருவர், நல்லது என்று நம்பி, தம் பிள்ளைக்கு 'தன்னை மறுக்க'க் கற்றுக்கொடுத்த கதை இது.

தன்னை மறுத்தல்! கிறித்தவ நெறியின் நடுநாயகமான போதனை இது என்பர். தன்னை மறுத்து, தன் சிலுவையைச் சுமந்து, ஏசுவின் பின்னே நடப்பவனே அவருடைய சீடன் என்பது கருத்து. ஞாயிறு பள்ளிகளில் இதைச் சிறுவர்க்குப் பாடமாக வைக்கின்றனர். விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் படம் வரைந்து காட்டுகின்றனர். தவக்காலம் வந்தால் மிட்டாய்க் காசை உண்டியலில் இடச் சொல்கின்றனர். பெரியவர் ஒருவர் இந்த நெறியை ஏற்று நடப்பாரானால் அவரோடு நமக்கு வழக்கில்லை; வாதம் உண்டு, அவ்வளவே. பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக்கலாமா என்பதே இங்கே கேள்வி.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கிறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில், மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில், இவ்விடத்திலே 'மறுத்து' என்ற சொல் இல்லை. 'வெறுத்து' என்ற சொல் நிற்கிறது. தன்னைத்தானே வெறுப்பது! அதே நூலில், பதினான்காம் அதிகாரத்தில், ஏசுவை அறியேன் என்று பேதுரு சொல்லப்போவதைக் குறிக்கும் இடத்தில் 'மறுதலித்தல்' என்ற சொல் வருகிறது. கிரேக்க மூலத்திலோ இரண்டிடத்திலும் வினை ஒன்றே! பேதுரு ஏசுவை வெறுக்கவில்லை. அச்சத்தால், தெரியாதவர்போல் ஒதுக்கினான். ஆகவே மூலச் சொல்லின் பொருள், தன்னைத் தெரியாதவன்போல் ஒருபுறம் ஒதுக்கிவைத்தல் என்பதே. 'வெறுத்தல்' என்பதற்குப் பற்றுவிடுதல் என்ற பழம் பொருளும் உண்டு. மொழிபெயர்த்தவர்கள் அதைக் கருதியிருக்கக்கூடும். ஆனால் பத்து வயதுப் பெண்ணின் காதில் அகராதியின் பழம் பொருளா விழும்? அவள் அறிந்த வெறுப்புத்தான் விழும். தன்னை வெறுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறாள். தன் நிறத்தை, தன் குரலை, தன் ஆசையை வெறுக்க அவளுக்கு ஏற்கெனவே ஊரார் கற்றுக்கொடுத்திருப்பர். இப்போது வேதமும் அதற்கு முத்திரை இட்டுவிட்டது.

சிலுவை என்றால் என்ன என்பதையும் மறந்துவிடுகின்றனர். பொன்னில் செய்து மார்பில் தொங்கவிடும் அணியன்று அது. ரோமப் பேரரசு, அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்லப் பயன்படுத்திய மரம். தண்டனை பெற்றவன், தான் தொங்கப்போகும் கட்டையைத் தானே சுமந்துகொண்டு ஊர் பார்க்க நடக்கவேண்டும். சிலுவையை எடுத்துக்கொண்டு வா என்று அக்காலத்தில் ஒருவர் சொன்னால், தூக்குக் கயிற்றைக் கையோடு கொண்டுவா என்பது பொருள். பேரரசின் சினம் தம்மேல் பாயும் என்பதை உணர்ந்த ஒருவர், தம்மோடு வரத் துணிந்த வளர்ந்தவர்களைப் பார்த்து, வருவதானால் இதுவரை வரவேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் பேச்சு இது. விருப்பமுள்ளவன் வரட்டும் என்ற நிபந்தனை அப்பேச்சிலேயே இருக்கிறது. வர விரும்பாதவன் வீட்டுக்குப் போகலாம்.

இனி, அதே மாற்கின் நூலில் பத்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளை ஏசுவிடம் கொண்டுவருகின்றனர், சீடர்கள் விரட்டுகின்றனர், அவர் சீடர்கள்மீது சினம்கொண்டு பிள்ளைகளைத் தழுவிக்கொள்கிறார். அவர்களிடம் எதையும் விட்டுவரச் சொல்லவில்லை. சிலுவைப் பேச்சே இல்லை. அடுத்த காட்சி! செல்வன் ஒருவன் ஓடிவந்து மண்டியிடுகிறான். நற்கதிக்கு வழி கேட்கிறான். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்கிறார் அவனிடம். அவனோ முகம் வாடித் திரும்பிப் போகிறான். ஒரே அதிகாரம், அடுத்தடுத்த இரு காட்சிகள். பிள்ளையிடம் கேட்டது ஒன்றுமில்லை. பணக்காரனிடம் கேட்டதோ எல்லாம்! பின்வந்தவர்கள் என்ன செய்தனர்? பணக்காரனைத் தழுவிக்கொண்டனர், பிள்ளையிடம் 'எல்லாவற்றையும் விடு' என்றனர். ஏசுவை ஆண்டவர் என்று ஏற்காத நான் அவருக்காக வழக்காட வேண்டியிருப்பது வேடிக்கைதான். என்ன செய்வது, வழக்கறிஞர்களே கட்சிக்காரருக்கு எதிராகப் போய்விட்டனர்!

எப்போது போயினர், எப்படிப் போயினர் என்பதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. எப்வொர்த் எனும் இங்கிலாந்துச் சிற்றூரில் பாதிரியாரின் மனைவியாக வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையார். பத்தொன்பது பிள்ளைகள் பெற்றவர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பச்சிளம் பருவத்திலேயே இறந்துவிட்டனர். மெதடிஸ்ட் சபையை உண்டாக்கிய ஜான் வெஸ்லியின் தாய். பிள்ளைகளை வளர்த்த முறை யாதென்று மகன் கேட்க, 1732-ஆம் ஆண்டு ஜூலையில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். பிள்ளையின் மனத்தை உருவாக்குமுன் அதன் சித்தத்தை, 'நான் விரும்புகிறேன்' என்னும் அந்த உள்விசையை, வென்றாகவேண்டும். பாவத்துக்கும் துன்பத்துக்கும் வேர் அதுவே என்பது அவர் கொள்கை. ஒரு வயது ஆனதுமே பிரம்புக்கு அஞ்சவும், அடிபட்டால் ஓசையின்றி மெல்ல அழவும் அவர் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். ஓசையின்றி அழக் கற்றுக்கொண்ட ஒரு வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள்!

அந்த அம்மையாரை அவ்வளவில் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அதே கடிதத்தில் வேறு விதிகளும் உள்ளன. குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட பிள்ளையை அடிக்கலாகாது; ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது; பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாகவேண்டும்; ஒரு பிள்ளைக்கு உரிய பொருள் குண்டூசியாக இருந்தாலும் அதன் இசைவின்றி மற்றவர் எடுக்கக்கூடாது; பெண்பிள்ளைக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த பிறகே தையல் முதலிய வேலைகளைக் கற்பிக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலை பிறகு, படிப்பு முதலில் என்று பெண்மக்களுக்காக எழுதிய கை அது! குண்டூசியின்மீது பிள்ளைக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டவருக்கு, அப்பிள்ளையின் மனத்தின்மீது அப்பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது தோன்றவில்லை. நல்ல தாய், தவறு அவர் மனத்தில் இல்லை, கையில் கொடுக்கப்பட்ட கோட்பாட்டில் இருந்தது.

மகன் ஜான் வெஸ்லி அக்கோட்பாட்டைப் பள்ளிக்கூடமாகவே கட்டினார். பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட் என்னுமிடத்தில் 1748-இல் தொடங்கிய பள்ளி. பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்கு எழவேண்டும். விடுமுறை நாள் கிடையாது. விளையாட்டு அறவே கிடையாது. பெற்றோர் ஒருநாள்கூடப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லக்கூடாது. அழைத்தால் ஒரேயடியாக அழைத்துச் செல்லவேண்டியதுதான். 1770-இல் அப்பள்ளிப் பிள்ளைகளை அண்டையில் இறந்துபோன ஒருவரின் பிணத்தைப் பார்க்க அழைத்துச் சென்றனர்; அதன்பின் பிள்ளைகள் அஞ்சி அழுது இரவுபகலாக மன்றாடினர்; அதனை அருளின் பொழிவு என்று பெரியவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் இயற்கை இருக்கிறதே, அது யாருடைய சபையிலும் சேராதது. 1783-இல், எண்பது வயதுக் கிழவராக வந்து பார்த்த வெஸ்லி, விளையாடவே கூடாத பிள்ளைகள் நாள்தோறும், பள்ளியறைக்குள்ளேயே, விளையாடுகின்றனர் என்று நொந்து எழுதினார். முப்பத்தைந்து ஆண்டுக் கண்டிப்புக்குப் பிறகும்! அந்தப் பிள்ளைகள் வாழ்க!

இங்கே ஒரு மறுப்பு எழும். "பிள்ளைகளைக் கட்டுப்படுத்தவே கூடாதா? பல் துலக்கு என்கிறோம், பள்ளிக்குப் போ என்கிறோம், தின்பண்டத்தில் தம்பிக்குப் பாதி கொடு என்கிறோம். இவையும் தன்னை மறுக்கச் சொல்வதுதானே?" என்று கிறித்தவ நண்பர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. நேர்மையான கேள்வி. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர் அவர்.

பல் துலக்கச் சொல்லும் தாய், பிள்ளையின் கையைத்தான் ஆள்கிறாள். உன் விருப்பமே பாவம் என்று சொல்வதில்லை. காரணம் கேட்டால் காரணம் சொல்கிறாள். பல் சொத்தையாகும் என்பதைப் பிள்ளை ஒருநாள் தானே சரிபார்க்கலாம். அந்தக் கட்டளைக்கு முடிவும் உண்டு: இருபது வயதில் அவள் வந்து நின்று பல்லைப் பார்ப்பதில்லை. பிள்ளை தன்னைத்தானே ஆளும் நாளுக்காகச் செய்யும் ஏற்பாடு அது. சித்தத்தை உடைக்கும் போதனையோ அந்த நாள் வரவே கூடாது என்பதற்கான ஏற்பாடு. பெற்றோருக்குப் பணியும் பிள்ளை நாளை கடவுளுக்குப் பணியும் என்று வெஸ்லி வெளிப்படையாகவே எழுதினார். ஒரு கை பிடியை விடுமுன் மறுகை பற்றிக்கொள்கிறது. இடையில் பிள்ளை யாருக்கும் உரியதாகாமல், தனக்கே உரியதாய் நிற்கும் ஒரு நாழிகைகூட அந்தத் திட்டத்தில் இல்லை. ஒரு பொருளைத் துறக்க, முதலில் அது என்னுடையதாயிருக்கவேண்டும். வள்ளுவர் இல்லறவியலைப் பாடி முடித்த பிறகே துறவறவியலுக்குப் போனார். துறவு அதிகாரம் முப்பத்தைந்தாவதாக வருகிறது, முதலாவதாக அல்ல.

1886-இல் இரட்சணிய சேனையில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பணம் திரட்டும் கூட்டமொன்றில், மேலும் கொடுக்கக் கையில் இல்லாத அதிகாரி ஒருவர், ஓராண்டுக் காலம் நாள்தோறும் உணவுக்குப் பின் உண்ணும் புட்டிங்கை விட்டுவிட்டு, மிச்சமாகும் பணத்தைத் தருவதாக எழுதிக்கொடுத்தார். சேனையின் தலைவர் வில்லியம் பூத் அதனைக் கண்டு, ஆண்டுக்கு ஒரு வாரம் எல்லாரும் ஏதேனும் ஒன்றைத் துறந்து கொடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். தன் புட்டிங்கைத் தானே விட்டவர் இவர். மகன் வாயில் விழுந்த புட்டிங்கைச் சாம்பலில் புதைத்தவர் காஸ். இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர்!

சாம்பலில் புதைத்தது புதைந்தே கிடந்ததா? எட்மண்ட் எனும் அச்சிறுவனின் கதையை மேலும் பார்ப்போம்.

லண்டனில் இருந்த காலம். ஆறு வயது இருக்கும். மரத்தையும் கல்லையும் வணங்கினால் கடவுள் சினம் கொள்வார் என்று தந்தை சொல்லியிருந்தார். பையன் எண்ணிப் பார்த்தான். ஒருநாள் வீட்டில் ஆளில்லாத நேரம், சிறு நாற்காலி ஒன்றை மேசைமீது தூக்கிவைத்து, அதற்குமுன் மண்டியிட்டு, கடவுளை விளிப்பதுபோல் நாற்காலியை விளித்து வேண்டினான். வேண்டிவிட்டு அஞ்சி அஞ்சிக் காத்திருந்தான். வானம் இடியவில்லை. கை முடங்கவில்லை. சன்னலுக்கு வெளியே தெரு எப்போதும்போல் இருந்தது. பகுத்தறிவுச் சங்கம் எதிலும் சேராத ஆறு வயது ஆராய்ச்சியாளன்!

அதே வயதில் இன்னொன்று. தோட்டத்து நீர்க்குழாயில் விளையாட்டாக ஓட்டை போட்டுவிட்டான். தண்ணீர் பீறிட்டது. தந்தை, பழுது பார்க்க வந்த ஆட்கள் செய்த பிழை என்று எண்ணிக்கொண்டார். பையன் மேல் ஐயம் விழவில்லை. பையன் வியந்தது தப்பியதற்காக அல்ல; எல்லாம் அறிந்தவர் என்று அவன் நம்பியிருந்த தந்தைக்கு இது தெரியவில்லையே என்பதற்காக! அந்த நொடியில் தனக்குள்ளே இன்னொருவன் இருப்பதை, இரகசியம் பேசக்கூடிய தோழன் ஒருவன் இருப்பதை, உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். 'தான்' என்பதை மறுக்கக் கற்பித்த வீட்டில், ஒரு 'தான்' அப்படித்தான் பிறந்தது — குழாய் ஓட்டையின் வழியே, திருட்டுத்தனமாக. வெளிச்சத்தில் வளர விடாததால் இருட்டில் வளர்ந்தது.

பத்து வயதில் பெரியவர்கள் கூடி அவனைச் சோதித்து, ஞானம் கனிந்தவன் என்று முடிவுகட்டி, வளர்ந்தவர்க்குரிய ஞானஸ்நானம் கொடுத்துச் சபையில் சேர்த்தனர். தன்னை மறுத்தவனாக ஊரறிய அறிவிக்கப்பட்டவன் என்ன செய்தான் தெரியுமா? சபைக் கூட்டத்தில், தன்னைப்போல் அப்பம் பிட்கும் தகுதி பெறாத மற்றச் சிறுவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினான்! நான் பரிசுத்தவான், நீ அல்ல என்று! தன்னை மறுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் தற்பெருமையைப் பயிரிட்டிருந்தனர். சின்னஞ்சிறு பையன், நாக்கை நீட்டியதோடு நின்றான். வளர்ந்தவர்கள் நாக்கை நீட்டுவதில்லை, விலக்கி வைக்கின்றனர்.

சில காலம் சென்றபின், பழகிய குடும்பத்தார் சிறுவர் விருந்து ஒன்றுக்கு அவனை அழைத்தனர். தந்தைக்கு அனுப்ப விருப்பமில்லை. ஆனால் வேண்டாம் என்று தாமே சொல்லாமல், ஆண்டவரிடமே கேட்போம் என்றார். இருவரும் மண்டியிட்டனர். தந்தை நெடுநேரம் உரக்கச் செபித்தார்; என்ன விடை வரவேண்டும் என்பது செபத்திலேயே புலப்பட்டது. முடிந்ததும், ஆண்டவர் என்ன சொன்னார் என்று மகனைக் கேட்டார். போகலாம் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார் என்றான் மகன்! தந்தை வாயடைத்து நின்றார். ஆண்டவரின் விடையை மறுக்க அவரால் முடியவில்லை; கதவைப் படார் என்று சாத்திக்கொண்டு வெளியேறினார்.

படிக்கும்போது சிரித்தேன். சிரித்தபின் எனக்கே உறுத்தியது. அந்தச் சிறுவன் நான் போக விரும்புகிறேன் என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா? அந்த வீட்டில் 'நான் விரும்புகிறேன்' என்ற வாக்கியத்துக்கு இடமே இல்லை. ஆகவே அவன் விருப்பம் ஆண்டவர் வேடம் போட்டுக்கொண்டு பேசவேண்டியதாயிற்று. தந்தையின் விருப்பமும் அதே வேடத்தில்தான் அதுவரை பேசிக்கொண்டிருந்தது. இருவரும் நேர்மையை உயிராய்ப் போற்றியவர்கள். இருவரையும் பொய்யராக்கிற்று அப்போதனை.

நம் நாட்டின் பக்கம் திரும்பும்போது வழக்கு சற்றுச் சிக்கலாகிறது. ஜெர்மனியில் ஹாலே நகரில் ஃபிராங்கே எனும் இறையியலாளர் நடத்திய அநாதை இல்லமும் பள்ளிகளும், பிள்ளையின் சித்தத்தை உடைக்கும் இதே கொள்கையில் நின்றவையே. ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார், தமிழ் கற்றார், பள்ளிகள் திறந்தார், அச்சகம் நிறுவினார். எழுத்தே உனக்கு ஆகாது என்று மனுவின் பெயரால் விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள், மிஷன் பள்ளிகளில் பலகையும் பல்பமும் பெற்றனர். தன்னை மறு என்று ஓதிய வாயின் கீழேயே, தன்னை அறியும் கருவியை நீட்டிய கையும் இருந்தது. அந்தக் கையை மறப்பவன் நன்றி கொன்றவன். ஆனால் எந்தப் பிள்ளையிடம் எதைச் சொல்கிறோம் என்று அந்தப் பள்ளிகள் எண்ணிப் பார்த்தனவா? தெருவில் நடக்க உரிமை மறுக்கப்பட்டவன், கிணற்றில் நீர் மறுக்கப்பட்டவன், பெயருக்குப் பின்னே மதிப்புச் சொல் மறுக்கப்பட்டவன் — அவன் பிள்ளையிடம் போய், இனி மிச்சத்தை நீயே மறுத்துக்கொள் என்பதா? 1925-இல் தோன்றிய இயக்கம் தனக்குச் சுயமரியாதை என்று பெயர் சூட்டிக்கொண்டதன் காரணம், அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அவன் இழந்திருந்தது அந்தச் 'சுய'த்தைத்தான்.

தோழர்களே, கை நம் பக்கமும் திரும்பட்டும். நம் மேடைகளில் மூன்று வயதுக் குழந்தையை நிறுத்திக் கடவுள் இல்லை என்று சொல்லவைக்கிறோம், கைதட்டுகிறோம், தூக்கி முத்தமிடுகிறோம். அந்தக் குழந்தை எதை ஆராய்ந்தது? எந்த நாற்காலியின்முன் மண்டியிட்டுப் பார்த்தது? நரகம் என்று அச்சுறுத்துவதில்லை, பிரம்பு எடுப்பதில்லை என்பது உண்மை. அது சிறிய வேறுபாடன்று. எனினும் இல்லை என்று சொல்லத் தெரியுமுன் ஆம் என்று சொல்லவைக்கும் பழக்கம் நம்மிடமும் நுழைந்துவிட்டது. கொள்கைக்காகத் தியாகம் செய் என்று பதினான்கு வயது மாணவனிடம் பேசுகிறோம். தேர்வை விட்டு ஊர்வலத்துக்கு வந்தவனைப் புகழ்கிறோம். வரவில்லை, படிக்கவேண்டும் என்றவனை என்ன சொன்னோம்? அவனுக்கும் ஒரு நாக்கு நீட்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் பதினான்காம் பிரிவு, குழந்தைக்கும் சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றில் சுதந்திரம் உண்டு என்கிறது. வளர வளரப் பெருகும் அதன் ஆற்றலுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டலாம் என்கிறது. பேச்சு எளிது, ஞாயிறு காலையில் ஒரு வகுப்பறையில் அதை எப்படிச் செய்வது என்று என் நண்பர் கேட்டார். சிலுவைப் பாடத்தை நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பத்தாம் அதிகாரத்தின் இரண்டு காட்சிகளையும் சேர்த்து நடத்துங்கள். பிள்ளைகள் தங்கள் காசில் தாங்களே விரும்பிக் கொடுத்ததை மட்டும் உண்டியலில் வாங்குங்கள். கொடுக்காத பிள்ளையின் பெயரை வாசிக்காதீர்கள். வகுப்பு முடிவில், எனக்கு இது பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் உட்கார் என்று சொல்லாதீர்கள் என்றேன். கடைசி ஒன்றுதான் கடினம் என்றார். ஒப்புக்கொண்டேன். எங்கள் பயிற்சி முகாமிலும் அதுதான் கடினம்.

எட்மண்டின் தாயைப்பற்றிச் சொல்லவில்லை. எமிலி என்று பெயர். சிறுமியாயிருந்தபோது அவருக்குக் கதை கட்டும் ஆற்றல் ஊற்றாய்ப் பெருகியது. உடன்பிறந்தாரைச் சுற்றி உட்காரவைத்துப் புதிது புதிதாய்ப் புனைந்து சொல்வார். நடவாததை நடந்ததாகச் சொல்வது பொய், பொய் பாவம் என்று வீட்டு ஆசிரியை ஒருவர் கண்டித்தார். சிறுமி அதை ஏற்றுக்கொண்டாள். அந்த ஆசையை நாள்தோறும் எதிர்த்துப் போராடினார். வளர்ந்த பின்னும் அது தம்மைவிட்டுப் போகவில்லையே என்று நாட்குறிப்பில் வருந்தினார். சமயத் துண்டுநூல்கள் பலவற்றை எழுதினார்; கதை எழுதவில்லை. அவர் வீட்டில் கதைப் புத்தகம் நுழையவில்லை. ஒரே ஒரு ஊரில் என்று தொடங்கும் பேச்சை மகன் கேட்டதே இல்லை. 1857 பிப்ரவரியில், ஐம்பது வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இறக்கும்போது மகனை ஆண்டவருக்கென்று ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த மகன் இலக்கியமே தொழிலாக வாழ்ந்து, கதைகளையும் கவிதைகளையும்பற்றி எழுதி எழுதி முதியவரானார். தாய் சிறுவயதில் சொன்ன கதைகளில் ஒன்றையும் அவர் தாய் வாயால் கேட்கவில்லை.